பழைய பஸ் டிப்போவை அரங்கமாக்க: பெங்களூரு நாடக, கூத்துக் குழுக்களுக்கு ஒரு கையேடு

1960, 70களின் கான்கிரீட் பஸ் ஷெட்டுகள் பஸ்ஸுக்காகவே யோசித்துக் கட்டப்பட்டவை. வண்டி நுழைந்து திரும்பத் தூண் இல்லாத அகலம், டீசல் புகை தானாக வெளியேறத் திறந்த பக்கங்கள், மெக்கானிக் விளக்கில்லாமல் வேலை பார்க்க வடக்கு நோக்கிய கண்ணாடி, இவை எல்லாவற்றையும் மூட மெல்லிய ஷெல் கூரை, அதாவது ஓடு போல வளைந்த கான்கிரீட் கூரை. அந்த அகலமும் உயரமும் நாடகத்துக்கும் கூத்துக்கும் பெரிய வரம். இன்று பெங்களூருவில் அப்படி ஓர் இடத்தைப் புதிதாகக் கட்டக் கணக்குப் போட்டால் பெரும்பாலான தமிழ்க் குழுக்கள் அங்கேயே நின்றுவிடும்.

ஆனால் அரங்கம் கேட்பவை வேறு. இருட்டு வேண்டும், சத்தம் உள்ளேயே நிற்க வேண்டும், முந்நூறு பேர் சில நிமிடங்களில் வெளியேற வேண்டும். எல்லாவற்றையும் வெளியே விடக் கட்டிய கட்டடத்தில் சிலவற்றை உள்ளே பிடித்து வைக்கப் போகிறோம். இந்த வேலையில் செலவும் சிக்கலும் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. எதை மூடுவது, எதைத் திறந்தபடி விடுவது என்ற முடிவை வரைபடத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

இது புதிய யோசனை இல்லை. ரஷ்யக் கட்டடக் கலைஞர் மெல்னிகோவ் 1920களில் மாஸ்கோவில் வடிவமைத்த பக்மெத்யெவ்ஸ்கி பஸ் கராஜ் முதலில் கலைக்கூடமானது, 2012 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது. பிரஸ்ஸல்ஸில் 1930களின் சிட்ரோயன் கராஜைக் கலை மையமாக்கியபோது, புதுப்பிக்கும் வேலை தொடங்கும் முன் 2018இல் இருந்த நிலையிலேயே பொதுமக்களுக்குத் திறந்து ஓர் ஆண்டு நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். இந்த இரண்டாவது வழியை எல்லாக் குழுக்களுக்கும் பரிந்துரைக்கிறோம். தற்காலிக உரிமத்தில் நாலைந்து நிகழ்ச்சி நடத்திப் பார்த்தால், எங்கே எதிரொலிக்கிறது, கூட்டம் எந்த வாசலை நாடுகிறது, மாலை வெயில் எத்தனை மணிக்கு மேடையில் விழுகிறது என்பதெல்லாம் செலவுக்கு முன்பே தெரிந்துவிடும்.

கணக்குகளுக்கு ஒரு மாதிரிக் கூடத்தை எடுத்துக்கொள்வோம்: நீளம் 36 மீட்டர், அகலம் 18, சராசரி உயரம் 7.5, பார்வையாளர்கள் 300 பேர். உங்கள் ஷெட்டின் அளவுகளைப் போட்டுக் கணக்கை மீண்டும் செய்துகொள்ளுங்கள்.

குத்தகைக்குக் கையெழுத்திடும் முன்

மூன்று காகிதங்கள் கைக்கு வரவேண்டும். முதலாவது, நிலப் பயன்பாடு. டிப்போ நிலம் பெரும்பாலும் மாஸ்டர் பிளானில் போக்குவரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். அரங்கம் நடத்த அதை மாற்ற வேண்டுமா, இருக்கும் வகைக்குள்ளேயே அனுமதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். மாற்ற வேண்டுமென்றால் 1961ஆம் ஆண்டின் கர்நாடக நகர ஊரமைப்புச் சட்டம், 14ஏ பிரிவின் கீழ் விண்ணப்பம் போகும். 2025 செப்டம்பரிலிருந்து பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. எந்த மாநகராட்சியின் எல்லையில் ஷெட் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் கட்டட விண்ணப்பம் போட்டால் கோப்பு மாதக்கணக்கில் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, குத்தகைப் பத்திரம். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பத்து ஆண்டுக்குக் குறைந்த குத்தகையில் கூரை வேலைக்குப் பணம் போடாதீர்கள். கூரை, தூண், அடித்தளம் ஆகியவற்றின் பழுது யார் பொறுப்பு என்று தனி வரியில் இருக்கட்டும். "பராமரிப்பு குத்தகைதாரர் பொறுப்பு" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஐம்பது ஆண்டுத் துருவும் உங்கள் தலையில்தான்.

மூன்றாவது, பழைய கட்டட வரைபடம். உரிமையாளரின் சிவில் பிரிவில் நீல அச்சுப் பிரதிகள் கட்டாகக் கிடக்கும். கம்பி விவரம் உள்ள தாள் ஒன்று கிடைத்தாலே சோதனைச் செலவு நிறையக் குறையும்.

கான்கிரீட் என்ன சொல்கிறது

அனுபவமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் இல்லாமல் இந்தக் கட்டத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் என்ன சோதனை, எதற்கு என்பது குழுவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் சோதனைக்குச் சின்னச் சுத்தியல் போதும். தூண், உத்தரம், கூரையின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். "டொக் டொக்" என்று பொள்ளலாகக் கேட்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு ஒரு வரைபடத்தில் குறியுங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, மேல் கான்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும் இடங்கள் அவை.

அடுத்தது கார்பனேஷன். காற்றிலிருக்கும் கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைக் கரைத்துவிடுகிறது. புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும், போன பகுதி நிறமில்லாமல் நிற்கும். அந்த ஆழத்தை, கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் கவரோடு ஒப்பிடுங்கள். இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் வளரும். 50 ஆண்டில் 25 மி.மீ. இறங்கியிருந்தால் அடுத்த 30 ஆண்டில் சுமார் 6, 7 மி.மீ.தான் கூடும். ஆகவே 40 மி.மீ. கவர் உள்ள தூண் பிழைத்துக்கொள்ளும். 15 மி.மீ. கவர் உள்ள ஷெல் கூரையில் அந்த எல்லை எப்போதோ கடந்துபோயிருக்கும். பழைய ஷெட்டுகளில் தூண் திடமாக நிற்கும்போதே கூரை உதிர்வதற்கு இது முக்கியக் காரணம்.

துரு நடந்துகொண்டிருக்கிறதா என்பதை, கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப்-செல் சோதனை காட்டும். செப்பு-செப்பு சல்ஃபேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் துருவுக்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. வலிமைக்குக் கோர், அதாவது துளைத்தெடுக்கும் உருளைத் துண்டு, எடுக்க வேண்டும், குறைந்தது மூன்று. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456இன் படி, மூன்றின் சராசரி குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மேற்பரப்பில் அடித்துத் துள்ளலை அளக்கும் ரீபவுண்ட் சுத்தியலை மட்டும் நம்பி "கான்கிரீட் ஸ்ட்ராங்" என்று யாராவது சான்றளித்தால் ஏற்காதீர்கள். கார்பனேஷன் ஆன மேற்பரப்பு இறுகிப்போய் உண்மையைவிட அதிக எண்ணைக் காட்டும்.

பழுது பார்க்கும் முறையில் மேஸ்திரிகள் அடிக்கடி செய்யும் தவறு, உதிர்ந்த இடத்தில் நேரடியாகச் சிமென்ட் பூசுவது. சரியான வரிசை: பழுதின் ஓரத்தை 10 மி.மீ. ஆழத்துக்கு மெஷினால் நேர்கோட்டில் வெட்டுங்கள். கம்பிக்குப் பின்னால் 20 முதல் 25 மி.மீ. வரை கொத்தியெடுத்து, கம்பியைச் சுற்றிலும் துரு நீக்குங்கள். நாலில் ஒரு பங்குக்குமேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேருங்கள். பிறகு துத்தநாக பிரைமர், பாண்ட் கோட் என்ற ஒட்டுப் பூச்சு, பாலிமர் கலந்த மார்ட்டர், ஏழு நாள் ஈரம். ஓரத்தை வெட்டாமல் மெல்லியதாக இழுத்துவிட்ட பூச்சு அந்த ஓரத்திலிருந்துதான் பெயரும். இவ்வளவும் செய்த பிறகும் ஓரிரு ஆண்டில் பழுது பார்த்த இடத்தைச் சுற்றி வளையமாகப் புதுத் துரு வரலாம். புது மார்ட்டருக்குள் கம்பி பாதுகாப்பாகிவிட, ஒட்டியுள்ள பழைய பகுதி துருவைச் சுமக்க ஆரம்பிக்கிறது. அதனால் பொள்ளல் கேட்ட இடத்தோடு நிறுத்தாமல், ஹாஃப்-செல் காட்டும் எல்லைவரை கொத்துங்கள்.

பலகைத் தடம் தெரியும் பழைய கான்கிரீட் முகத்தின்மேல் தயவுசெய்து பட்டி அடித்து பெயின்ட் பூசாதீர்கள். கான்கிரீட் ஊற்ற அந்தப் பலகைகளை அடித்த தச்சர்களின் கைவேலைதான் அந்தக் கட்டடத்தின் முகம். பழுது பார்த்த மார்ட்டரின் நிறத்தை ஓரடிச் சதுர மாதிரிகளில் காயவைத்துப் பார்த்துப் பொருத்துங்கள். மேலே தண்ணீரை ஒட்டவிடாத, நிறமில்லாத சிலேன் பூச்சு போதும்.

இன்னொரு கணக்கை யாரும் போடுவதில்லை. திறந்த பக்கத்தைச் சுவர் வைத்து மூடினால், இதுவரை ஊடாகப் போய்க்கொண்டிருந்த காற்று இனிச் சுவரில் மோதும். பெங்களூருவின் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 33 மீட்டர். அதற்குரிய அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ. 36க்கு 7.5 மீட்டர் சுவரில் அது ஏறக்குறைய பதினேழரை டன், அத்தனையும் தூண்களுக்குப் போகிறது. இதோடு, அரங்கம் என்றதும் நிலநடுக்கத் தர விதி ஐஎஸ் 1893:2016, நடுக்கச் சுமையைப் பெருக்கும் முக்கியத்துவக் காரணியை 1.5 ஆக்குகிறது. பெங்களூரு குறைந்த நடுக்க மண்டலம் என்ற தைரியத்தில் இதை விட்டுவிட வேண்டாம்.

எண்ணெய், டீசல், கல்நார்

டிப்போ நிலத்துக்கடியில் டீசல் டேங்க் இருக்கும். காலி என்று சொல்லப்படும் டேங்க்தான் ஆபத்து. உள்ளே ஆவி நிற்கும், ஒரு வெல்டிங் பொறி போதும். பெட்ரோலிய விதிகளின்படி தகுதி அங்கீகாரம் பெற்றவர் வாயு நீக்கிச் சான்று கொடுத்த பிறகே அதைத் தோண்டவோ நிரப்பவோ வேண்டும். அதுவரை அந்த இடத்தில் எந்த நெருப்பும் கூடாது. பழைய எஞ்சின் ஆயில் அபாயக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம் உள்ளவரிடம் மட்டும் கொடுத்து ரசீது வாங்குங்கள். தாழ்வாரங்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமென்ட் ஷீட் இருந்தால் உடைக்காமல், நனைத்தபடி, முழுசாகக் கழற்றித் தடித்த பாலிதீனில் சுற்ற வேண்டும். கட்டரால் அறுக்கவே கூடாது.

கூரை

தண்ணீர் முதலில். ஒரு மணி நேரத்துக்கு 100 மி.மீ. மழை என்று எடுத்தால், 100 மி.மீ. குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டர் கூரைக்குத்தான் ஈடுகொடுக்கும். மாதிரிக் கூடத்தின் 648 சதுர மீட்டருக்கு 16 குழாய் வேண்டும். பழைய ஷெட்டில் பாதி இருக்கும், அதிலும் பாதி அடைத்திருக்கும். பெங்களூருவின் ஏப்ரல், மே மாலை மழை குறைந்த நேரத்தில் கொட்டித் தீர்ப்பது. ஷெல்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் தண்ணீர் கட்டினால் ஒவ்வொரு 50 மி.மீ.க்கும் சதுர மீட்டருக்கு 50 கிலோ சுமை. ஆகவே வாட்டர் ப்ரூஃபிங் செய்யும் முன் வடிகாலைச் சரிசெய்யுங்கள். முன்பு யாராவது ஒழுகுகிறதென்று மேலே ஜல்லி, செங்கல் துண்டு போட்டுத் தளம் ஏற்றியிருந்தால் அதை அகற்றுவதே கூரைக்குச் செய்யும் முதல் உதவி. ரப்பர் போல நெகிழும் வெள்ளை எலாஸ்டோமெரிக் பூச்சு இரண்டு கோட் அடித்தால் வெப்பமும் குறையும்.

அடுத்தது இந்தக் கையேட்டிலேயே நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். ஷெல் கூரையின் தடிமன் பல இடங்களில் 75 மி.மீ. அளவுதான். அதில் டிரில் போட்டு ஆங்கர் அடித்து விளக்குக் கம்பி தொங்கவிடாதீர்கள். வளைவின் வழியாக அழுத்தத்தைக் கடத்தித்தான் அது நிற்கிறது. புள்ளிச் சுமை தாங்கப் பிறந்ததல்ல. எட்டு மீட்டர் பைப்பில் பன்னிரண்டு எல்இடி விளக்கு மாட்டினால் விளக்கு 120, பைப் 30, கேபிள் 20 என்று 170 கிலோ ஆகிறது. அப்படி ஆறு வரிசை வந்தால் ஒரு டன்னைத் தாண்டும். தூண்களில் பிடித்த தனி இரும்புச் சட்டமோ, தரையில் நிற்கும் கால்களோடு டிரஸ்ஸோ (முக்கோணப் பின்னல் சட்டம்) போட்டு அதில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பாதுகாப்புக் கம்பிக் கயிறு வேண்டும்.

ஒலி

பணம் போதாதபோது குழுக்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். அரங்கம் அங்கேயே தோற்கிறது. வசனம் புரியாத இடத்துக்கு இரண்டாம் முறை யாரும் வரமாட்டார்கள்.

எதிர்முழக்க நேரம் என்பது ஒரு சத்தம் 60 டெசிபல் தணிய எடுக்கும் நொடிகள். கணக்கு எளிது: 0.161ஐக் கூடத்தின் கன அளவால் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். மாதிரிக் கூடத்தின் கன அளவு 4,860 கன மீட்டர். நாலு பக்கமும் மூடிய பிறகு தரை, சுவர், கூரை சேர்ந்து 2,106 சதுர மீட்டர். கான்கிரீட் தன்மேல் விழும் ஒலியில் சுமார் 2 சதவீதம்தான் உறிஞ்சும், அதாவது 42 சதுர மீட்டருக்குச் சமம். விடை 18 நொடிக்கு மேல். ஓட்டை ஒடிசல்களும் காற்றும் சேர்ந்து உண்மையில் இதைக் குறைக்கும் என்றாலும், பேச்சு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குழம்பிவிடும் என்பதில் மாற்றமில்லை. நாடகத்துக்கு 1.2 நொடி நல்லது. பாட்டும் பறையும் நாடகமும் கலந்த அரங்குக்கு 1.5 நொடியை இலக்காக வையுங்கள்.

1.5 நொடிக்கு 521 சதுர மீட்டர் உறிஞ்சும் பரப்பு தேவை. உட்கார்ந்திருக்கும் 300 பேர் சுமார் 135 தருவார்கள், கட்டடம் 42. மிச்சம் 344. 50 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சுப் பலகை) 85 சதவீதம் உறிஞ்சும் என்று வைத்தால் 405 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். ஷெல்லில் ஒட்டவும் முடியாது, ஆணி அடிக்கவும் கூடாது. ஓர உத்தரங்களுக்கு இடையே கம்பிக் கயிறு கட்டி, துணி சுற்றிய பலகைகளைச் செங்குத்தாகத் தொங்கவிடுவது இதற்கு ஏற்ற வழி. 1.2க்கு 2.4 மீட்டர் பலகை இரண்டு முகத்திலும் உறிஞ்சுவதால் ஒன்று 5.76 சதுர மீட்டர் தருகிறது. கணக்குக்கு 70 வரும். நெருக்கமாகத் தொங்கினால் ஒன்றை ஒன்று மறைப்பதால் 80 செய்யுங்கள். கூரையின் வளைவும் மறையாது.

இந்தக் கணக்கு நடுத்தர சுருதிக்கு மட்டும். 50 மி.மீ. ராக்வூல் கனத்த ஓசையை அதிகம் தொடாது. தவிலின் தொப்பியும் பெரும்பறையும் அடிக்கும்போது மூலைகளில் கும்மென்று நிற்கும். மூலைகளிலும் பின்சுவரிலும் 100 மி.மீ. ராக்வூலை, பின்னால் 100 மி.மீ. காற்றிடம் விட்டுப் பொருத்துங்கள்.

பீப்பாய் வடிவ ஷெல்லில் இன்னொரு பொறி உண்டு. வளைவின் ஆரம் கூரை உயரத்துக்கு அருகில் இருந்தால் சத்தம் முழுவதும் தரையில் ஒரு கோட்டில் குவியும். கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். "டர்ர்ர்" என்று அடுக்காகத் திரும்பி வந்தால் அந்த வரிசைக்கு நேர் மேலே பலகைகளை முதலில் தொங்கவிடுங்கள். நடிகர்களையும் அந்தக் கோட்டில் நிறுத்தாதீர்கள்.

வெளியே கசியும் சத்தத்துக்கும் வெளியிலிருந்து வரும் ஹாரன் சத்தத்துக்கும் ஒரே விதி: ஓட்டைதான் எதிரி. 200 மி.மீ. சாலிட் பிளாக் சுவரை இரண்டு பக்கமும் பூசினால் 45 டெசிபலுக்கு மேல் தடுக்கும். அதே சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் மொத்தத் தடுப்பு 20 டெசிபலுக்கு விழுந்துவிடும். சுவருக்கும் வளைந்த கூரைக்கும் நடுவில் விடும் இடைவெளியில்தான் இது நடக்கிறது. அந்த இடைவெளியைச் சிமென்ட் வைத்து அடைத்தால் கூரை வெயிலில் நீளும்போது விரிசல் விடும். ராக்வூல் திணித்து, இரண்டு பக்கமும் நெகிழ்வான சீலன்ட் போடுங்கள்.

பக்கங்களை முழுக்க மூட வசதியில்லை என்றால், திறந்த அரங்கமாகவே ஏற்றுக்கொள்வதும் நேர்மையான முடிவு. கூத்துக்கு அது குறையே இல்லை. ஆனால் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்கு வழக்கமாகத் தரும் விலக்கு மூடிய அரங்குகளுக்குத்தான். பக்கம் திறந்த ஷெட் அந்தக் கணக்கில் வராது. விடிய விடியக் கூத்து நடத்த நினைப்பவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

வெளியேறும் வழி

ரோலிங் ஷட்டர் வெளியேறும் கதவாகாது. தேசியக் கட்டட விதி, என்பிசி 2016, மேலேறும் கதவையும் பக்கவாட்டில் நகரும் கதவையும் இதற்கு ஏற்பதில்லை. நாலு மீட்டர் அகலமுள்ள பழைய ஷட்டர் வாசலில் சட்டம் வைத்து, வெளிப்பக்கமாகத் திறக்கும் 2 மீட்டர் இரட்டைக் கதவை, உடம்பால் தள்ளினாலே திறக்கும் பேனிக் பாருடன் பொருத்துங்கள். மிச்ச இடத்தைச் சுவரால் மூடலாம். ஒரு ஷட்டரை மட்டும் செட் சாமான் இறக்க அப்படியே விடுங்கள்.

எத்தனை வாசல் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். சமதளத்தில் ஆளுக்கு 6.5 மி.மீ. அகலம் என்றால் 300 பேருக்கு 1,950 மி.மீ. போதும் என்று தோன்றும். ஆனால் இருக்கைகள் தரையில் பொருத்தப்படாவிட்டால் தலைக்கணக்கு டிக்கெட்டை வைத்து வராது, பரப்பை வைத்து வரும். நெருக்கமாகக் கூடும் இடத்துக்கு ஆளுக்கு 0.65 சதுர மீட்டர். பார்வையாளர் பகுதி 400 சதுர மீட்டர் என்றால் 615 பேர், 4 மீட்டர் வாசல். ஜமுக்காளமும் பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு நடத்தும் குழுக்கள் இந்த எண்ணுக்கே கட்டுங்கள்: எதிரெதிர்ப் பக்கங்களில் 2 மீட்டர் வாசல் மூன்று. ஒன்று அடைபட்டாலும் மற்ற இரண்டு ஈடுசெய்யும். எந்த இடத்திலிருந்தும் வாசலுக்கு நடக்கும் தூரம் 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

வடக்குக் கண்ணாடிகளில் மேல் வரிசையைத் திறக்கும்படி வைத்திருங்கள். பஸ் புகைக்காகச் செய்த அதே வழி தீப் புகைக்கும் உதவும். இருட்டுக்குப் போடும் கருந்திரை தீ பரவாத துணியாக இருக்கட்டும். வாங்கும் முன் ஒரு துண்டை வெட்டி வெளியே கொளுத்திப் பாருங்கள். நெருப்பை எடுத்ததும் அணைய வேண்டும், சொட்டக் கூடாது. தீயணைப்புத் துறையை வரைபடம் முடிந்த பிறகு அழைக்காமல் வரையும்போதே அழையுங்கள்.

தரையும் குழியும்

பஸ் நின்ற தரை உறுதியானது, ஆனால் எண்ணெய் குடித்தது. தண்ணீர்த் துளி விட்டால் முத்தாக நின்றால் எதுவும் ஒட்டாது. 5 முதல் 10 மி.மீ. வரை செதுக்கியெடுத்தும் மறுவாரம் எண்ணெய் மேலே ஏறினால், டைல்ஸ், எபாக்ஸி இரண்டையும் மறந்துவிட்டு மிதக்கும் மரத்தரைக்குப் போங்கள். பரதமும் ஒயிலும் ஆடும் கால்களுக்கு எப்படியும் அதுதான் தேவை. வெறுங்கான்கிரீட்டில் தட்டடவு பழகும் பிள்ளைகளுக்கு முழங்காலும் கணுக்காலும் போய்விடும்.

10க்கு 8 மீட்டர் மேடைக்கு அடுக்கு இப்படி. தரையில் தடித்த பாலிதீன் விரிப்பு. அதன்மேல் 12 மி.மீ. ரப்பர் பேட், 400 மி.மீ.க்கு ஒன்று, ஓரம் சேர்த்துச் சுமார் 550. பேட்கள்மேல் 50க்கு 25 மி.மீ. ரீப்பர். அதன்மேல் 12 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு, ஒன்றுக்கொன்று குறுக்காக. 8க்கு 4 அடி ஷீட் கழிவு சேர்த்து 58. சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி. ரீப்பரைக் கான்கிரீட்டோடு சேர்த்துத் திருகாதீர்கள். தச்சர் பழக்கத்தில் அதைச் செய்துவிடுவார். தரையின் துள்ளல் அத்தோடு செத்துவிடும்.

பஸ்ஸுக்கு அடியில் வேலை பார்த்த குழிகளை இடிபாடு கொட்டி மூடாதீர்கள், சில மாதத்தில் தாழும். ஒன்றைக் கேபிள் பாதையாக்கலாம். மேடைக்குக் கீழே வருவதை நடிகர் எழுந்து வரும் வழியாக்கலாம், அந்த வசதி எத்தனை அரங்கில் கிடைக்கும்! மூட 6 மி.மீ. செக்கர் பிளேட் (மேடு வரியுள்ள இரும்புத் தகடு), குறுக்கே 450 மி.மீ.க்கு ஓர் ஆங்கிள். ஆங்கிள் இல்லாத வெறும் பிளேட் 0.9 மீட்டர் குழிமேல், கூட்டச் சுமைக்கு நடுவில் 12 மி.மீ. அளவுக்குத் தொய்யும். குழிக்குள் கனத்த ஆவி தங்கும் என்பதால் அடியிலிருந்து உறிஞ்சும் ஃபேனும், மழைநீருக்குச் சின்னப் பம்பும் வையுங்கள்.

பறைக் குழுக்களுக்காக இன்னொன்று. தோலைக் காய்ச்ச நெருப்பு வேண்டும். இடம் ஒதுக்காவிட்டால் அவர்கள் வாசலோரம்தான் மூட்டுவார்கள். கட்டடத்திலிருந்தும் மரத்திலிருந்தும் விலகி, காற்று கூடத்துக்குள் புகையைத் தள்ளாத பக்கத்தில், ஒன்றரை மீட்டர் சதுரத்துக்குச் செங்கல் கரை கட்டி 150 மி.மீ. மணல் போடுங்கள். பக்கத்தில் தண்ணீர்க் குழாய். பழைய டீசல் டேங்கின் இடத்தை வரைபடத்தில் பார்த்த பிறகே இதைக் குறியுங்கள்.

மின்சாரம், காற்று, கழிப்பறை

விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனி விநியோகப் பலகை. ஒலிக்குத் தனி எர்த் ஒயரை மெயின் எர்த்துக்கு நேராக இழுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கரில் ரீங்காரம் நிற்காது. கலைஞர்கள் தொடும் எல்லா பிளக்குக்கும் மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஏசி வேண்டாம். பெங்களூரு மாலைக் காற்றும், மெதுவாகச் சுற்றும் இரண்டு பெரிய ஃபேனும் போதும்.

கழிப்பறையில் விதியின் குறைந்தபட்சத்தோடு நிறுத்தாதீர்கள். 150 பெண்களுக்கு விதிப்படி ஐந்து. பதினைந்து நிமிட இடைவேளையில், ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால், ஐந்தில் ஐம்பது பேர்தான் போய்வர முடியும். பத்து கட்டுங்கள். சாய்தளம் 1க்கு 12, 450 மி.மீ. உயரத் திண்ணைக்கு 5.4 மீட்டர் நீளம். சக்கர நாற்காலிக்கு 900க்கு 1,200 மி.மீ. இடங்களை முன்வரிசையிலும் நடுவிலும் பிரித்துக் கொடுங்கள்.

பெயர்ப்பலகையும் முதல் நிகழ்ச்சியும்

கர்நாடகத்தின் 2024 திருத்தச் சட்டப்படி பலகையில் 60 சதவீதம் கன்னடமாக இருக்க வேண்டும், அதுவும் மேலே. சட்டத்துக்காக மட்டும் இல்லாமல் மனதாரச் செய்யுங்கள். கன்னட நாடகக் குழுக்களுக்கும் மாதத்தில் சில நாள் ஒதுக்கினால் இருக்கைகளும் நிறையும், அக்கம்பக்கமும் உங்களோடு நிற்கும். பழைய பஸ் வழித்தட எண்கள், பஸ் நிற்கும் பே எண்கள் சுவரில் இருந்தால் அழிக்காமல் இருக்கை வரிசைக்கு அவற்றையே வைத்துக்கொள்ளலாம்.

முதல் நிகழ்ச்சிக்கு முன் கூடத்தை நிரப்பி ஓர் ஒத்திகை நடத்துங்கள். விளக்கை அணைத்து, ஒரு வாசலை மூடிவைத்து, எல்லாரும் வெளியேற எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். அதே ஆட்களை உட்காரவைத்து, கடைசி வரிசையில் ஒருவர், பக்க ஓரத்தில் ஒருவர் என மைக் இல்லாத வசனத்தைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். எழுதியதில் சொல் விடுபட்ட இடங்களுக்கு மேலே மிச்சப் பலகைகளை நகர்த்துங்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டும் மார்ச் கடைசியில், முதல் மாலை மழைக்கு முன், பதினாறு குழாயிலும் வாளித் தண்ணீர் ஊற்றிக் கீழே வருகிறதா என்று பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள்.